வசனவரி நிற்க வேண்டிய இடம்

என் மேசைக்கு வரும் காணொளிகளில் பாதிக்கு மேல் வேலையிடப் பாதுகாப்புப் பயிற்சிக்கானவை. சிங்கப்பூரின் கட்டுமானத் தளங்களிலும் கப்பல் பட்டறைகளிலும் வேலை செய்யும் வெளிநாட்டு ஊழியர்களுக்காக ஆங்கிலத்தில் ஒரே முறை படம்பிடித்து, அதன் மேல் தமிழ், வங்காளம், சீனம் எனத் தனித்தனியே வசனவரி சேர்த்து வெளியிடுவார்கள். இவற்றில் தமிழ்க் கோப்பு என் பொறுப்பு. மொழிபெயர்ப்பு என்னிடம் வரும்போதே முடிந்திருக்கும். வரிகளை எந்த நொடியில் காட்டுவது, சட்டகத்தின் எந்த இடத்தில் நிறுத்துவது என்ற இரண்டையும் தீர்மானிப்பதுதான் என் வேலை. நேரத்தைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். இடத்தைப் பற்றி அவ்வளவாக யாரும் பேசுவதில்லை, ஏனெனில் மென்பொருளே வரியைக் கீழே நடுவில் வைத்துவிடுகிறது, அது போதும் என்று பலரும் நினைத்துவிடுகிறார்கள்.

கீழே நடுவில் என்பது தவறான தேர்வு அன்று. வசந்தம் 2008ஆம் ஆண்டில் முழுநேர ஒளிவழியாக மாறியதற்கு முன்பிருந்தே இங்குள்ள தமிழ் நாடகங்களின் அடியில் ஆங்கில வரிகள் ஓடுவதைப் பார்த்துப் பழகிய கண்கள் நம்முடையவை. வரி எங்கே இருக்கும் என்று அவை தேடுவதில்லை. ஆனால் கீழே என்றால் எவ்வளவு கீழே என்பதற்கு மென்பொருள் தரும் விடை, லத்தீன் எழுத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. பழைய குழாய்த் தொலைக்காட்சிகள் படத்தின் ஓரங்களை வெட்டிக் காட்டியதால், நான்கு பக்கமும் பத்து விழுக்காடு விட்டு எழுத்தை உள்ளே வைக்கும் வழக்கம் வந்தது. அகலத்திரைக் காலத்தில் அது ஐந்து விழுக்காடாகக் குறைந்தது. 1920க்கு 1080 பிக்சல் சட்டகத்தில் கீழே 54 பிக்சலும், இருபுறமும் 96 பிக்சலும் அந்தக் கணக்கில் விடுபடும். இந்த எண்களை நான் எல்லையாக மட்டும் எடுத்துக்கொள்கிறேன். வரி நிற்க வேண்டிய இடமாக எடுத்துக்கொள்வதில்லை.

காரணம் தமிழ் வாக்கியத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. பாதுகாப்புக் காணொளியில் வரும் வாக்கியங்களில் பெரும்பகுதி ஒன்றைச் செய்யச் சொல்வதாகவோ செய்யாதே என்று தடுப்பதாகவோ இருக்கும், தமிழில் அந்த முடிவு கடைசிச் சொல்லில்தான் வருகிறது. 'மேற்பார்வையாளர் வந்து சோதிக்கும் முன்பு இந்தச் சாரத்தில் ஏறக் கூடாது' என்ற வாக்கியத்தை இரண்டு வரியாக உடைத்தால், 'ஏறக் கூடாது' இரண்டாம் வரியின் கடைசியில் நிற்கும். ஆங்கிலத்தில் தடைச்சொல் பெரும்பாலும் தொடக்கத்திலேயே வந்துவிடுவதால், கீழ்வரி சற்று மறைந்தாலும் பொருள் தலைகீழாவதில்லை. தமிழில் கீழ்வரி மறைந்தால் எஞ்சுவது, சோதனைக்கு முன்பு ஏதோ ஒன்று சாரத்தில் நடக்கிறது என்ற செய்தி மட்டுமே. கைப்பேசியில் பார்க்கும் ஊழியர் படத்தை நிறுத்தினால், பிளேயரின் பொத்தான் பட்டை மறைப்பதும் அந்தக் கீழ்வரியைத்தான். தனிக் கோப்பாக இருக்கும் வசனவரியைச் சில பிளேயர்கள் தாமாகவே மேலே தள்ளிவிடும். படத்தோடு பதித்துவிட்ட வரியை எந்தப் பிளேயராலும் நகர்த்த முடியாது. ஆகவே பதித்துக் கொடுக்கும் கோப்புகளில் தமிழ் வரியை ஆங்கில வரியைவிட உயரத்தில் நிறுத்துகிறேன். எல்லா மொழிக் கோப்புகளும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்று கேட்கும் வாடிக்கையாளர்களுக்கு இது பிடிப்பதில்லை, ஆனால் இந்தக் காரணத்தைச் சொன்ன பிறகு பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறார்கள்.

எழுத்தின் உயரமும் தனிச் சிக்கல். கி, கீ போன்றவற்றின் தலைமேல் வளைவான விசிறி மேலே எழும். ழ, து, நூ போன்றவற்றின் வால் கீழே இறங்கும். புள்ளி தலைக்கு மேல் நிற்கும். வரி இடைவெளியை ஆங்கிலத்துக்கு வைத்ததைப் போல நெருக்கிவிட்டால், முதல் வரியின் வாலும் இரண்டாம் வரியின் விசிறியும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். அதைவிடத் தொல்லை தருவது எழுத்துருவை மாற்றும்போது நேர்வது. வசனத்தோடு அதன் எழுத்துருவையும் இடத்தையும் எழுதி வைக்கும் ஏஎஸ்எஸ் வகைக் கோப்பில் அடி ஓரம் என்று நாம் தரும் எண், கண்ணுக்குத் தெரியும் எழுத்தின் அடியிலிருந்து அளக்கப்படுவதில்லை. எழுத்துருவை வடிவமைத்தவர் எழுத்துகளுக்கென ஒதுக்கிய உயரத்தின் அடியிலிருந்து அளக்கப்படுகிறது. அந்த ஒதுக்கீடு ஒவ்வொரு தமிழ் எழுத்துருவிலும் வேறு. எண்ணைத் தொடாமல் எழுத்துருவை மட்டும் மாற்றினாலும் வரி மேலோ கீழோ நகர்ந்து நிற்பது இதனால்தான்.

அதே கோப்பு வகையில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. எண்கள் எந்த அளவுள்ள திரைக்கு எழுதப்பட்டவை என்பதைக் கோப்பின் தலைப்பகுதியில் குறிப்பிட வேண்டும். குறிப்பிடாவிட்டால் 384க்கு 288 என்ற பழைய அளவு எடுத்துக்கொள்ளப்படும். அப்போது 20 என்று எழுதிய அடி ஓரம் 1080 உயரமுள்ள படத்தில் 75 பிக்சலாக விரியும். தலைப்பகுதியில் 1080 என்று எழுதியிருந்தால் அதே 20 வெறும் 20 பிக்சல்தான், முன்பு சொன்ன 54 பிக்சல் எல்லைக்கும் வெளியே. வேறொருவர் தொடங்கிய கோப்பு கைக்கு வந்தால் நான் முதலில் திறந்து பார்ப்பது வசனத்தை அன்று, இந்தத் தலைப்பகுதியைத்தான்.

இணையத்துக்கான வெப்விடிடி கோப்பில் கணக்கு வேறு. அங்கே உயரத்தை விழுக்காட்டில் தந்தால், இயல்பாக அது வசனப் பெட்டியின் மேல்விளிம்பைக் குறிக்கும். ஒற்றை வரிக்குச் சரியாக அமைந்த விழுக்காடு, இரண்டு வரி வரும்போது பெட்டியைக் கீழ்நோக்கி வளர்த்து விளிம்பைத் தொட்டுவிடும். கீழ்விளிம்பை நிலைநிறுத்திப் பெட்டியை மேல்நோக்கி வளர விடுவதுதான் தமிழுக்குப் பொருத்தமான வழி. அதற்கான அமைப்பு தர விதியில் இருக்கிறது என்றாலும் எல்லாப் பிளேயர்களும் அதை மதிப்பதில்லை. அதனால் விழுக்காட்டைத் தொடாமல், அடியிலிருந்து வரிகளை எண்ணும் முறையையே பயன்படுத்துகிறேன்.

இனி, எப்போது வரியைக் கீழிருந்து எடுப்பது. உயரத்தில் வேலை செய்வதைப் பற்றிய காணொளிகளில், பாதுகாப்புப் பட்டையின் கொக்கியை நங்கூரப் புள்ளியில் மாட்டும் அண்மைக் காட்சி வரும். விரல்களும் கொக்கியும் சட்டகத்தின் கீழ்ப்பாதியில் இருக்க, 'கொக்கி முழுதாகப் பூட்டிக்கொண்டதா என்று பாருங்கள்' என்ற வரி அதே கொக்கியின் மேல் வந்து உட்கார்ந்தால், பார்க்கச் சொன்னதைப் பார்க்க விடாமல் செய்ததாகும். இத்தகைய இடங்களில் வரி மேலே போயாக வேண்டும். ஏஎஸ்எஸ் கோப்பில் இது எளிது: கணினி விசைப்பலகையின் எண்தொகுதியில் 2 இருக்கும் இடம் கீழ்நடு, 8 இருக்கும் இடம் மேல்நடு, அந்த எண்ணையே எழுதினால் போதும்.

"எல்லா வரியையும் மேலேயே வச்சிட்டா என்னண்ணே?" என்று எங்கள் பிரிவில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் கேட்டார். மேலே ஆகாயமும் சுவரும்தானே இருக்கின்றன என்பது அவருடைய நியாயம். ஆனால் அண்மைக் காட்சியில் மேலே இருப்பது பேசுபவரின் முகமும் தலைக்கவசமும். அதுமட்டுமன்று, கீழே எதிர்பார்க்கும் கண்ணை ஒவ்வொரு முறையும் மேலே அழைத்தால் அந்தக் களைப்பு பயிற்சியின் மீது விழும். என் வழக்கம் இது: நகர்த்துவதென்றால் ஒரு வரியை மட்டும் நகர்த்தாமல், அந்தக் காட்சித் தொகுதி முழுவதையும் மேலே வைப்பது, மேலேயும் கீழேயும் மாறுவது ஷாட் மாறும் வெட்டில் மட்டுமே நிகழ வேண்டும் என்று பார்த்துக்கொள்வது. ஒரே ஷாட்டுக்குள் வரி இடம் மாறினால், படிப்பவர் வாக்கியத்தை விட்டுவிட்டு அது போன இடத்தைத் தேடுவார்.

செங்குத்துக் காணொளிகள் வந்த பிறகு இந்த வழக்கங்களில் பாதியை மீண்டும் கணக்கிட வேண்டியதாயிற்று. 1080 பிக்சல் அகலத்துக்குள் 'மேற்பார்வையாளரிடமிருந்து' போன்ற ஒரு சொல்லே வரியை நிரப்பிவிடுகிறது. சொல்லுக்குள் இடைவெளி இல்லாததால் சில பிளேயர்கள் அதை உடைக்காமல் விளிம்புக்கு வெளியே தள்ளிவிடும். எழுத்தைச் சிறிதாக்கச் சொல்வார்கள், நான் மறுத்துவிடுவேன். தங்கும் விடுதியில் இரவில் கைப்பேசியில் பார்ப்பவருக்குச் சிறிய எழுத்து எந்த உதவியும் செய்யாது. மொழிபெயர்ப்பாளரிடம் திரும்பச் சென்று 'மேற்பார்வையாளர் சொன்ன பிறகு' என்று மாற்றித் தரக் கேட்பதே மேல். உயரத்திலும் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. செயலிகள் கணக்குப் பெயரையும் விவரத்தையும் அடியில் காட்டுவதால், வரியை அடியிலிருந்து ஏறத்தாழக் கால்பங்கு உயரத்துக்கு ஏற்றி வைக்கிறேன். அந்த உயரத்தில் கைகளும் கருவிகளும் வந்துவிடுவதால், கிடைமட்டக் கோப்பில் கீழே இருந்த பல தொகுதிகள் செங்குத்தில் மேலே போகின்றன. ஒரு கோப்பிலிருந்து மற்றதை நகலெடுத்து அளவை மட்டும் மாற்றித் தரும் குறுக்குவழி இதற்குப் பயன்படாது என்பதால், இப்போது மதிப்பீட்டிலேயே இரண்டையும் இரு தனி வேலைகளாகக் குறிப்பிட்டு அனுப்புகிறேன்.