முன்பக்கத்துக்கு இன்னொரு ஹால்யார்ட்

என் படகின் பாய்மரத்தில் முன்பக்கம், பாயை உச்சிக்கு ஏற்றும் கயிறான ஹால்யார்ட் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. 27 அடிப் படகுகளில் இது சாதாரணம். முன்பாய், அதைச் சுருட்டிவைக்கும் ஃபர்லரில் சுருண்டே கிடப்பதால், அதை உச்சிக்கு இழுத்துப் பிடித்திருக்கும் அந்தக் கயிறு வருடம் முழுவதும் இறுக்கத்திலேயே நிற்கிறது. யாரும் அதைத் தொடுவதில்லை. உச்சியில் கப்பியின் மேல் வளைகிற அந்த ஒரே இடத்தில் வெயிலும் உப்பும் உராய்வும் சேர்ந்து அதை அரித்துக்கொண்டே இருக்கின்றன. அறுந்தால் பாய் சரிந்துவிடும். மறுபடி கயிறு கோர்க்க ஒருவர் உச்சிக்கு ஏறியாக வேண்டும்.

பினாங்கிலிருந்து லங்காவிக்குச் சுமார் 60 கடல் மைல். பாதி வழியில் அது நடந்தால் என்ன செய்வது என்று பல இரவுகள் யோசித்திருக்கிறேன். படகு லேசாக உருண்டாலே மேல்தளத்திலிருந்து 10 மீட்டர் உயரத்தில் இருப்பவர் பக்கவாட்டில் பல மீட்டர் வீசப்படுவார். தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில் சுமத்ராப் பக்கமிருந்து விடியலுக்கு முன் வருகிற புயற்காற்றில் அதை நினைத்துப் பார்க்கவே வேண்டாம். அந்தக் காற்றின் வேகம் அரை மணி நேரத்தில் மணிக்கு 40 கடல் மைலுக்கு மேல் எழும்பிவிடும்.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. துறையில் கட்டியிருக்கும்போதுகூட, பாய்மரம் ஏறுகிறவருக்கு இரண்டு கயிறுகள் வேண்டும். ஒன்று தூக்குவதற்கு, ஒன்று காப்புக்கு. என் படகில் பெரிய பாயின் ஹால்யார்டில் தூக்கலாம். காப்புக்கயிறு வேண்டுமென்றால் முன்பாயை முழுவதும் விரித்து, கீழே இறக்கி, மடித்து, அதன் ஹால்யார்டை விடுவிக்க வேண்டும். உச்சி விளக்கில் பல்பு மாற்றக்கூட இவ்வளவு வேலை. அதனால்தான் பலர் ஒற்றைக் கயிற்றில் ஏறிவிடுகிறார்கள். துறையில் அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும். புதிய வரைபடத் திரைக்கும் ரேடாருக்கும் பணம் எடுத்துவைக்கிற நண்பர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: முதலில் முன்பக்கத்துக்கு இன்னொரு ஹால்யார்ட் போடுங்கள்.

கயிற்றைப் பாய்மரத்தின் உள்ளே விடுவதா, வெளியே விடுவதா என்பது முதல் கேள்வி. உள்ளே விட்டால் காற்றுக்கு எதிர்ப்புக் குறையும், பார்க்கவும் நன்றாயிருக்கும். ஆனால் அதற்கு உச்சியில் காலியாக ஓர் உருளை இருக்க வேண்டும். கீழே கயிறு வெளிவர அலுமினியப் பாய்மரத்தின் சுவரில் நீள்துளை வெட்ட வேண்டும். அந்தத் துளையின் இரு முனைகளும் வட்டமாக இருக்க வேண்டும். கூர்மூலை விட்டால் அங்கிருந்துதான் அலுமினியம் வெடிக்கத் தொடங்கும். ஏற்கனவே இருக்கும் துளைகளின் அதே உயரத்தில் இன்னொன்றை வெட்டினால் அந்த இடத்தில் மரமே பலவீனமாகிவிடும். போதாததற்கு, ஹால்யார்டை இழுத்துக் கோர்ப்பதற்காக முதலில் உள்ளே இறக்கும் தூதுக்கயிறு மற்றக் கயிறுகளோடும் விளக்குக் கம்பிகளோடும் முறுக்கிக்கொண்டால் பாய்மரத்தைக் கழற்றிக் கிடத்துவதைத் தவிர வழியில்லை. நான் வெளியே விடுவதென்று முடிவு செய்தேன். மேல்தளத்தில் நின்று தலையை நிமிர்த்தினால் கயிறு முழுவதும் கண்ணில் பட வேண்டும் என்பது என் ஆசையும்கூட.

வெளியே என்றால் உச்சியில் ஒரு கொக்கி வேண்டும், அதில் ஒரு சுழல் கப்பி தொங்க வேண்டும். பாய்மர உச்சியை முன்மூக்கோடு இணைக்கும் முன் தாங்குவடத்தைப் பிடித்திருக்கும் பின்னிலேயே (குறுக்காணியிலேயே) கப்பியின் ஷாக்கிளை, அதாவது இணைப்பு வளையத்தை, மாட்டிவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். நான் மறுத்துவிட்டேன். பாய்மரத்தை நிறுத்திவைத்திருக்கும் ஆணி அது. அதற்கு வேறெந்த வேலையும் கொடுக்கக்கூடாது. பட்டர்வொர்த்தில் ஒரு லேத் பட்டறையில் 316 ரகத் துருப்பிடிக்காத எஃகில், 4 மி.மீ தகட்டை வளைத்து, முன்னால் 8 மி.மீ கம்பி வளையம் பற்றவைத்து வாங்கினேன். அளவெடுக்க ஒருமுறை உச்சிக்கு ஏறி, அட்டையை வெட்டி அங்கேயே பொருத்திப் பார்த்துக்கொண்டு வந்திருந்தேன்.

தகடு ஏன் இவ்வளவு தடிமன் என்று பட்டறைக்காரர் கேட்டார். மேலே போன கயிறு கப்பியில் திரும்பிக் கீழே வருகிறது. 80 கிலோ ஆளைத் தூக்கினால், ஆளின் பக்கம் 80, கயிற்றைச் சுற்றி இழுக்கும் உருளையான வின்ச்சின் பக்கம் 80. கப்பியும் கொக்கியும் 160 கிலோ சுமக்கின்றன. பாயை இறுக்கும்போது அந்த எண்கள் இன்னும் பெரிதாகும். உராய்வையும் ஆட்டத்தையும் சேர்த்தால், கயிற்றைவிடக் கொக்கிக்குத்தான் பலம் அதிகம் வேண்டும்.

கயிறு 10 மி.மீ பாலியஸ்டர் இரட்டைப் பின்னல். இரண்டு டன்னுக்கு மேல் தாங்கும், கைக்கும் இதமாக இருக்கும். டைனிமா என்ற செயற்கை இழைக் கயிறு இன்னும் பலமானது, மிகக் குறைவாகவே நீளும். ஆனால் அது வழுக்கும், முடிச்சை நன்றாகப் பிடிக்காது, 150 டிகிரிக்குள் உருகிவிடும். மாற்றுக் கயிற்றுக்கு அது தேவையில்லை என்பது என் கருத்து. நைலான் மட்டும் கூடவே கூடாது. அது ரப்பர் மாதிரி நீளும். நீளம் 25 மீட்டர் வாங்கினேன்: மேலே பத்து, கீழே பத்து, மிச்சம் வின்ச்சுக்கும் முடிச்சுக்கும்.

வேலைக்குக் காற்றில்லாத ஒரு காலைப்பொழுதைத் தேர்ந்தெடுத்தோம். கப்பல் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஓர் அண்ணன் கீழே வின்ச்சைப் பார்த்துக்கொண்டார். முன்பாயை இறக்கி, அந்த ஹால்யார்டைக் காப்புக்கயிறாக்கினோம். ஆள் உட்கார்ந்து ஏறும் போசன் நாற்காலியில் ஹால்யார்டின் ஷாக்கிளை நான் மாட்டப் போனபோது அவர் தடுத்தார்.

"தம்பி, அது வேண்டாம். உதறலில் திறந்துகொள்ளும். கயிற்றையே நேராகப் பௌலைன் முடிச்சுப் போட்டுக் கட்டு."

"சரி அண்ணே. கீழே கயிற்றைக் கவ்விப் பிடிக்கும் கிளட்ச்சில் விட்டுவிடுவீர்களா?"

"கிளட்ச்சை நம்பி ஆளைத் தொங்கவிட மாட்டேன். வின்ச்சில் நாலு சுற்று, அப்புறம் கிளீட் கொம்பில் கட்டு. நீ சொல்லாமல் ஒரு விரல்கூட இறக்க மாட்டேன், போ."

இப்படிச் சொல்கிற ஒருவர் கீழே இருந்தால் உச்சியில் கை நடுங்காது. கருவிகள் ஒவ்வொன்றையும் சிறு கயிறால் வாளியில் கட்டியிருந்தேன். மேல்தளத்தில் தார்ப்பாய் விரித்திருந்தோம். துளையிடும்போது கீழே விழும் உலோகத் துருவல்கள் தளத்தில் ஒட்டிக்கொண்டால் பிறகு கறையை எடுப்பது பெரும்பாடு.

உச்சி வார்ப்பின் இரு பக்கமும் தகடு உட்கார்ந்தது. 6 மி.மீ போல்ட்டுக்கு 5 மி.மீ துளை, பிறகு மரை வெட்டுதல். அலுமினியத்தில் மரை வெட்டும்போது அவசரம் ஆகாது. அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே, துருவலைத் தட்டிவிட்டு மறுபடியும். எஃகும் அலுமினியமும் உப்புநீரில் சேர்ந்தால் அலுமினியம்தான் தின்னப்படும். அதனால் தகட்டுக்கு அடியிலும் போல்ட் மரைகளிலும் டூரலாக் என்ற மஞ்சள் பசையைத் தாராளமாகப் பூசினேன். நம் ஊர் வெப்பத்திலும் ஈரத்திலும் இந்தப் பசையை விட்டுவிட்டால், சில வருடங்களில் வெள்ளைப் பொடி பூத்து, போல்ட் கழலாமல் இறுகிவிடும். பிறகு ஷாக்கிள், சுழல் கப்பி, ஏற்கனவே கோர்த்துவைத்திருந்த கயிறு. ஷாக்கிளின் ஆணி கழலாமலிருக்க அதை மெல்லிய கம்பியால் கட்டினேன்.

கீழே பாய்மரத்தின் பக்கவாட்டில் ஒரு கிளீட் பொருத்தினோம். அதை நேர்குத்தாக வைக்காமல் பத்துப் பதினைந்து டிகிரி சாய்த்து வைக்க வேண்டும். இல்லையென்றால் முதல் சுற்றிலேயே கயிறு சிக்கி இறுகிவிடும். உச்சிக்கு ஆளை அனுப்பும் முன் கயிற்றைத் தாழ்வாகச் சோதித்தோம். தளத்திலிருந்து ஓர் அடி உயரத்தில் நான் உட்கார்ந்து குதித்துப் பார்த்தேன். மேலே தகடு அசையவில்லை.

ஃபர்லர் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மாற்று ஹால்யார்டின் முனையை வசதிக்காகப் படகின் முன்மூக்கில் மாட்டிவைத்தால், அது முன் தாங்குவடத்துக்கு இணையாக, மிக அருகில் நிற்கும். முன்பாயைச் சுருட்டும்போது மேலேயுள்ள சுழலி அதையும் சேர்த்துச் சுற்றிக்கொள்ளும். கயிறு இறுகும், ஃபர்லர் நிற்கும், பாய் பாதி விரிந்தபடி மாட்டிக்கொள்ளும். காற்று ஏறும் நேரத்தில் இது நடந்தால் உயிருக்கே ஆபத்து. என் கயிற்றை வேண்டாதபோது பாய்மரத்தின் அடியிலேயே கட்டிவைக்கிறேன். இரவில் பாய்மரத்தில் அடித்துக்கொண்டு பக்கத்துப் படகுக்காரர்களின் தூக்கத்தைக் கெடுக்காமலிருக்க, ஓர் எலாஸ்டிக் கயிற்றால் அதை, பாய்மரத்தைப் பக்கவாட்டில் தாங்கும் பக்கவடத்தின் பக்கம் இழுத்துவிடுகிறேன்.

கயிறு வந்த பிறகு அதற்கு நாளும் வேலை இருக்கிறது. ரப்பர் படகைத் தண்ணீரிலிருந்து மேல்தளத்துக்குத் தூக்குவது அதில்தான். கடலில் விழுந்தவரை வின்ச் வைத்துத் தூக்குவதையும் துறைக்குள்ளேயே பழகிப் பார்த்தோம். நனைந்த ஒரு முழு ஆளைப் பக்கவாட்டுக் கம்பிகளுக்கு மேல் கைகளால் இழுத்துவிடலாம் என்று நினைப்பவர்கள் ஒருமுறை முயன்று பார்க்க வேண்டும். என் மனைவியால் தனியாக என்னைத் தூக்க முடிந்தது இந்தக் கயிறு இருந்ததால்தான். முன் தாங்குவடம் என்றாவது அறுந்தால், இதன் முனையை முன்மூக்கில் மாட்டி வின்ச்சில் இறுக்கி, காற்றைப் பின்னால் வாங்கிக்கொண்டு பாய்மரத்தைக் காப்பாற்றலாம்.

அடுத்து காற்றுமானியைச் சரிசெய்ய என் அக்கா மகன் ஏறப்போகிறான். முன்பாய் ஃபர்லரிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். அவனுக்கு இரண்டு கயிறுகள் தயாராக இருக்கின்றன. வின்ச்சில் அண்ணன் நிற்க ஒப்புக்கொண்டிருக்கிறார்.