கே-செட் கன்னடம் தேறியாச்சு: திரிவேணியை இப்படிப் படியுங்கள்

கல்லூரி உதவிப் பேராசிரியர் வேலைக்கான கர்நாடகத் தகுதித் தேர்வு, அதாவது கே-செட், முடிவு வந்துவிட்டது, தேறிவிட்டேன். இப்போதுதான் நிம்மதியாகச் சாப்பிட முடிகிறது. வீட்டில் தமிழ், படிப்பு கன்னடம் என்று பெங்களூரில் என்னைப் போல நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்களுக்காக இதை எழுதுகிறேன். எல்லாருக்கும் பொதுவான முதல் தாளைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள். நான் கன்னடப் பெண் நாவலாசிரியர்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், அதிலும் திரிவேணியை.

பயிற்சி வகுப்பில் கொடுத்த குறிப்பில் எழுத்தாளர்கள் பிறந்த வருட வரிசையில் இருந்தார்கள். அதை நம்பினால் காலவரிசைக் கேள்வி போச்சு. எம்.கே. இந்திரா 1917இல் பிறந்தவர், திரிவேணி 1928இல். ஆனால் இந்திரா நாவல் எழுத வந்ததே 45 வயதில். அவருடைய முதல் நாவல் 'துங்கபத்ரா' 1963இல் வெளிவந்தது. அதே வருடம் ஜூலையில், மகள் பிறந்த சில நாட்களில், திரிவேணி இறந்துவிட்டார். 35 வயதுகூட நிறையவில்லை. இளையவர் எழுதி முடித்த வருடத்தில் மூத்தவர் தொடங்குகிறார். அதனால் பிறந்த வருடத்தை விடுங்கள். முதல் நாவல், இறந்த வருடம், இந்த இரண்டையும் பிடித்துக்கொள்ளுங்கள். என்னைக் காப்பாற்றியது இதுதான்.

திரிவேணி பற்றி நான் சுவரில் ஒட்டியிருந்தது:
- இயற்பெயர் அனசூயா சங்கர், பிறந்த ஊர் மண்டியா
- கன்னடக் கவிஞர் பி.எம். ஸ்ரீகண்டய்யாவின் குடும்பம்
- மைசூர் மகாராஜா கல்லூரி, உளவியல் பி.ஏ.
- அவர் நாவல்களிலிருந்து: 'பெள்ளி மோட' படம் 1967, 'சரபஞ்சர' படம் 1971, இரண்டுக்கும் இயக்குநர் புட்டண்ண கணகால்

இரண்டு படங்களையும் திரிவேணி பார்க்கவே இல்லை. 1963 மனதில் இருந்தால் இதுவும் தானாக நினைவுக்கு வரும்.

அப்புறம், சுருக்கத்தை மட்டும் படிக்காதீர்கள். 'சரபஞ்சர' பற்றிக் கையேடுகளில் 'மனநோய் நாவல்' என்று ஒரே வரிதான் இருக்கும். நாயகி காவேரிக்குப் பிரசவத்துக்குப் பின் மனம் பிறழ்கிறது, சரி. ஆனால் அவள் குணமாகி வீடு திரும்பிய பிறகுதான் நாவலின் உயிரே இருக்கிறது. கோபப்பட்டாலும் பைத்தியம், சிரித்தாலும் பைத்தியம் என்று ஊரே பார்க்கிறது, கணவன் உட்பட. கடைசியில் மருத்துவமனைக்கே திரும்புகிறாள். உளவியல் படித்தவர் நோயை விட, நோய் தீர்ந்தவளை வீடு நடத்தும் விதத்தைத்தான் விரிவாக எழுதியிருக்கிறார். எனக்கு மனப்பாடம் ஒட்டாது, கதைதான் ஒட்டும். காவேரியை ஒருமுறை முழுசாகப் படித்தபின் குறிப்பைத் திறக்கவே தேவைப்படவில்லை.

நேரம் இருந்தால் இந்திராவின் 'பணியம்மா'வையும் முழுசாகப் படியுங்கள். சின்னப் புத்தகம்தான். நாவல் 1976, பிரேமா காரந்தின் படம் 1983.