இடது ஓரத்தில் ஒரு கறுப்புக் கோடு

மேற்கு மாம்பலத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். இரண்டு மெஷின், இரண்டு கம்ப்யூட்டர். லேமினேஷன், ரயில் டிக்கெட், வில்லங்கச் சான்றிதழ் என்று எதைக் கேட்டாலும் செய்து தருவேன். எங்கள் தெருவில் எந்த வீடு யார் பெயரில் இருக்கிறது, யார் பிள்ளைக்குப் பத்தாவதில் எவ்வளவு மார்க் என்பதெல்லாம் கேட்காமலே எனக்குத் தெரிந்துவிடும். சிலர் நெட் பேங்கிங் பாஸ்வேர்டைச் சத்தமாகவே சொல்லி, "நீயே போட்டுக்கோப்பா" என்பார்கள். பின்னால் நாலு பேர் வரிசையில் நிற்பார்கள்.

2017 நவம்பர் முதல் வாரம். பள்ளிக்கூடங்களுக்கு லீவு விடும் அளவுக்கு மழை. பக்கத்து டீக்கடையில் பஜ்ஜி போட்டு மாளவில்லை. ஒரு வியாழக்கிழமை, எங்கள் தெருவில் இருக்கும் ரிட்டயர்டு டீச்சர் குடையை வாசலில் சாய்த்துவிட்டு உள்ளே வந்து, எண்ணெய் ஊறிய தாள் ஒன்றை என் மேஜையில் வைத்தார். வாழைக்காய் பஜ்ஜி சுற்றி வந்த தாள். பின்பக்கம் யாருடையதோ பேங்க் பாஸ்புக்கின் முதல் பக்கம். பெயர், கணக்கு எண், முகவரி, போட்டோ எல்லாம் இருந்தன. கொஞ்சம் கோணலாக விழுந்த காப்பி.

"உன் கடையோடதாப்பா?"

"இல்லைங்க டீச்சர். இந்த ஏரியாவுல எத்தனை ஜெராக்ஸ் கடை இருக்கு!"

பொய். தாளின் இடது ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை மயிரிழை மாதிரி ஒரு கறுப்புக் கோடு ஓடியது. என் பெரிய மெஷினின் டிரம்மில் விழுந்த கீறல் அது. செலவுக்குப் பயந்து எட்டு மாதமாக மாற்றாமல் இழுத்தடித்துக்கொண்டிருந்தேன். அந்தக் கோடு விழாத தாள் என் கடையிலிருந்து வெளியே போனதில்லை.

கோணலாக விழுவதை எல்லாம் ஓர் அட்டைப்பெட்டியில் போட்டு வைப்பேன். வாரம் ஒருமுறை டீக்கடைக்காரர் வந்து அள்ளிக்கொண்டு போவார். பதிலுக்குக் காலை டீக்குக் காசு வாங்க மாட்டார். ஆக, கடைப் பூட்டை யாரும் உடைக்கவில்லை. ஒரு டீக்காக நானே என் கையால் எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

பாஸ்புக்காரரை எனக்கு நன்றாகத் தெரியும். இரண்டு தெரு தள்ளி வீடு. சொல்ல நாலு நாள் ஆயிற்று. அந்த நாலு நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டவை இன்னும் நினைவிருக்கின்றன. வெறும் கணக்கு எண்ணை வைத்து யார் என்ன செய்துவிட முடியும்? செக் லீஃபில் இருப்பதுதானே. வயசானவர், சொன்னால் வீணாகப் பயப்படுவார். அப்புறம், போனது ஒரே ஒரு தாள். (ஒரே ஒரு தாள் என்று எப்படித் தெரியும்? டீச்சர் கொண்டுவந்தது ஒன்று, அவ்வளவுதான்.)

திங்கட்கிழமை காலை போய்ச் சொன்னேன். முதலில் அவர் கோபப்படவே இல்லை. "பஜ்ஜியிலயா?" என்று சிரித்தார். அப்புறம் கேட்டார்: "டீச்சரம்மா எப்போ கொண்டுவந்து காட்டினாங்க?"

"வியாழக்கிழமை சார்."

"இன்னிக்குத் திங்கள்." வேறு ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய்விட்டார். காபி கொடுக்காமல் அந்த வீட்டில் யாரையும் அனுப்பியதில்லை.

இரண்டு வாரம் கழித்துப் பேப்பரில் ஊபர் செய்தி வந்தது. 2016-லேயே 5.7 கோடிப் பேரின் விவரங்களைத் திருடியிருக்கிறார்கள். கம்பெனி ஒரு வருடம் மூச்சு விடவில்லை. திருடியவர்களுக்கு ஒரு லட்சம் டாலர் கொடுத்து, அதையும் மென்பொருளில் ஓட்டை கண்டுபிடித்துச் சொல்பவர்களுக்குத் தரும் பரிசுக் கணக்கில் எழுதியிருக்கிறார்கள். தகவல் எதையும் எடுக்கவில்லை என்று பொய்யாக ஓர் ஒப்பந்தம் எழுதி, அதில் அவர்களிடம் கையெழுத்தும் வாங்கியிருக்கிறார்கள். அப்போது பாதுகாப்புத் தலைவராக இருந்த ஜோ சல்லிவன் ஒரு காலத்தில் அரசு வழக்கறிஞர். 2022-ல் அவரைக் குற்றவாளி என்றது நீதிமன்றம்; ஜெயில் இல்லை, மூன்று வருடக் கண்காணிப்பு. எனக்கு ஒப்பந்தம் எழுதத் தெரியாது. மற்றபடி டீச்சரிடம் நான் சொன்னதும் அதே ரகம்தான்.

யாஹூ கதை என் கடை போர்டிலேயே இருக்கிறது. மின்னஞ்சல் முகவரி இன்னும் யாஹூதான், பெயின்டருக்குக் கூலி கொடுத்து மாற்ற மனசு வரவில்லை. 2014-ல் 50 கோடிக் கணக்குகள் போனதை 2016 செப்டம்பரில் சொன்னார்கள். அந்த டிசம்பரில், அதற்கும் முன்னால் 2013-ல் இன்னொரு திருட்டு, 100 கோடி என்றார்கள். 2017 அக்டோபரில், 100 இல்லை 300 கோடி, அதாவது அப்போதிருந்த எல்லாக் கணக்குமே என்றார்கள். இதற்கு நடுவில் வெரைசன் கம்பெனி யாஹூவை விலைக்கு வாங்கியது. திருட்டைக் காட்டி 35 கோடி டாலர் குறைத்துக்கொண்டது. போனது நம் விவரம், தள்ளுபடி வாங்கியவருக்கு.

திருட்டைக்கூட விட்டுவிடலாம். எனக்கு ஆறவே ஆறாதது வேறு. "சார், போன் நம்பரைக் குடுத்துடுங்க, பாஸ்வேர்டு தெரிஞ்சாலும் ஓடிபி இல்லாம யாரும் உள்ள போக முடியாது" என்று எத்தனை பெரியவர்களுக்கு நான் சொல்லியிருப்பேன்! தயங்கியவர்கள்கூட என் முகத்துக்காகக் கொடுத்தார்கள். பாதுகாப்புக்கென்று வாங்கிய அந்த நம்பர்களை ட்விட்டர் யாருக்கு எந்த விளம்பரம் என்று குறிவைக்கவும் பயன்படுத்தியது. 14 கோடிப் பேருக்கு மேல் அப்படிக் கொடுத்திருந்தார்கள். 2022-ல் அமெரிக்காவில் 15 கோடி டாலர் அபராதம் கட்டியது. ஃபேஸ்புக்கும் இதையே செய்தது. 2019-ல் அதற்கு விழுந்த 500 கோடி டாலர் அபராதத்தின் புகார்ப் பட்டியலில் இதுவும் இருந்தது. வீட்டுக்குப் பூட்டு போட வந்தவர், வீட்டில் டிவி பழசு என்று தவணைக் கடையில் சொல்லிவிட்டுப் போன மாதிரி.

இவ்வளவு தெரிந்தும், இன்றைக்கும் நம்பரைக் கொடுங்கள் என்றுதான் சொல்கிறேன். கொடுக்காவிட்டால் இன்னும் மோசம். சொல்லும்போது முன்பு போலக் குரல் எழும்புவதில்லை.

நம் ஊரிலும் விதி வந்திருக்கிறது. கம்ப்யூட்டரில் ஊடுருவல் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குச் சொல்ல வேண்டும் என்பது 2022 உத்தரவு. 2023-ல் வந்த தனிநபர் தரவுச் சட்டம் பாதிக்கப்பட்டவருக்கும் சொல்லச் சொல்கிறது. சொல்லாவிட்டால் 200 கோடி ரூபாய் வரை அபராதம். படித்தபோது எனக்கு அந்த வியாழனும் திங்களும்தான் ஞாபகம் வந்தன.

டிரம்மை மாற்றிவிட்டேன். ரிச்சி தெருவில், தாளைத் துண்டு துண்டாக வெட்டித் தள்ளும் பழைய ஷ்ரெடர் ஒன்று வாங்கினேன். சத்தம் கொஞ்சம் ஓவர், நடுவில் ஸ்டேப்ளர் பின் மாட்டினால் நின்றுவிடும். டீக்கடைக்காரருக்கு வருத்தம். இப்போது டீக்குக் காசு வாங்குகிறார்.

பாஸ்புக்காரர் இன்னமும் என் கடைக்குத்தான் வருகிறார். ஷ்ரெடரைக் காட்டி விளக்கியிருக்கிறேன், தலையை ஆட்டினார். ஆனால் காப்பி எடுக்கும்போது நாற்காலியில் உட்காருவதில்லை, மெஷின் பக்கத்திலேயே நிற்கிறார். கோணலாக ஒன்று விழுந்தால் அதற்கும் காசு கொடுத்துவிட்டு, நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போகிறார்.