நான் திரும்ப வர்றேனே

அந்த அம்மா கோபப்பட்டிருந்தால் இந்நேரம் நான் மறந்திருப்பேன். அவர் கோபப்படவில்லை. காலையில் மகளை நர்சரியில் கொண்டுவந்து விட்டார், அவள் கோட்டைக் கழற்றி மாட்டினார், பிறகு என்னிடம் வந்து தணிந்த குரலில் கேட்டார்: "நீங்க சொன்ன கதையில அந்த அம்மா கடைசியில திரும்ப வர்றாங்களா?"

"இல்லை" என்றேன்.

"நான் திரும்ப வர்றேனே" என்றார்.

அவ்வளவுதான். அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டியதையெல்லாம் இப்போது தினமும் சொல்லிப் பார்க்கிறேன்.

அவருக்கு ஆஃப்ஷோர் வேலை. 3 வாரம் வட கடலில் எண்ணெய் மேடையில், 3 வாரம் வீட்டில். ஸ்காட்லாந்தின் அபர்தீனில் இது புதிதே இல்லை, என் வகுப்பில் சில பிள்ளைகளின் அப்பாக்களுக்கும் இதே வேலைதான். அம்மா கடலுக்குப் போவது இவள் வீட்டில் மட்டும். முந்தின நாள், மேடைக்கு ஹெலிகாப்டர் கிளம்பும் டைஸ் ஹெலிபோர்ட்டில் இருக்க வேண்டியவர், தன் கோட்டைக் காணாமல் வீட்டையே புரட்டிப் போட்டிருக்கிறார். பாஸ்போர்ட் கோட் பைக்குள். மகளிடம் கேட்டால் வாயைத் திறக்கவில்லை. ஹெலிகாப்டர் போன பிறகுதான் கிடைத்தது: பொம்மை வண்டிக்குள், பொம்மையின் போர்வைக்கு அடியில், நாலாக மடித்து.

பிறகு அந்த மடிப்பைப் பற்றிக் கேள்விப்பட்டதும் எனக்குப் புரிந்துவிட்டது. கதை சொல்லும்போது என் சாம்பல் நிறச் சால்வையைத்தான் செல்கி என்கிற கடல்நாய்ப் பெண்ணின் தோலாக வைத்துக்கொண்டேன். மீனவன் அதை எடுத்து ஒளித்து வைக்கிற இடத்தில், பிள்ளைகள் பார்க்கட்டும் என்று மெதுவாக, ஓரம் சேர்த்து, நாலாக மடித்துக் காட்டினேன்.

செல்கி கதைகள் ஸ்காட்லாந்துக் கடலோரங்களில் நிறைய உண்டு. சீல் என்கிற கடல்நாய் கரையேறித் தோலைக் கழற்றினால் பெண். தோலை ஒருவன் ஒளித்து வைத்துவிட்டால் அவளால் கடலுக்குத் திரும்ப முடியாது. நான் எடுத்துக்கொண்டது ஆர்க்னி தீவுகளின் வடிவம், 19ஆம் நூற்றாண்டில் வால்டர் டிரெயில் டென்னிசன் எழுதிவைத்தது. அதில் கடைசிப் பெண்ணுக்குக் காலில் புண். எல்லோரும் வெளியே போயிருக்க, அவள் மட்டும் வீட்டில். அம்மா எதையோ தேடுகிறாள். என்ன தேடறே என்று கேட்டால், உன் காலுக்குச் செருப்பு தைக்க நல்ல தோல் ஒன்று வேணும் என்கிறாள். அது எங்கே இருக்குன்னு எனக்குத் தெரியுமே, அப்பா நான் தூங்கறேன்னு நினைச்சு எடுத்துப் பார்த்தார், கூரை இறவாணத்தில் இருக்கு என்கிறாள் குழந்தை. அம்மா எடுத்துக்கொண்டு ஓடுகிறாள், கடலுக்கு.

நாலு வயதுப் பிள்ளைகளுக்கென்று நிறைய மாற்றினேன். தோலைத் திருடியதை "எடுத்து வைத்தான்" என்றேன். விருப்பமில்லாத கல்யாணத்தை ஒரே வரியில் தாண்டினேன். ஆனால் அந்தப் புண்கால் குழந்தையை விட மனம் வரவில்லை. வீட்டில் யாருக்கும் தெரியாத ரகசியம் சின்னவளுக்குத் தெரிந்திருக்கிறது என்பதில் பிள்ளைகளுக்கு வருகிற சந்தோஷத்தை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். இப்போது யோசித்தால், பெரியவர்களை உறுத்தும் இடங்களையெல்லாம் மழுக்கிவிட்டு, குழந்தையைத் தொடும் இடத்தை மட்டும் கூர்மையாக விட்டிருக்கிறேன். அவள் கேட்டுக்கொண்டது இதைத்தான்: தோல் இருக்கும் இடத்தைச் சொன்னால் அம்மா போய்விடுவாள். அதனால் சொல்லக் கூடாது.

அன்று அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். அம்மா கடலுக்குள் போய்விட்டாள் என்றதும், "ஃபார்?" என்றாள். இந்த ஊர்ப் பேச்சில் அதற்கு "எங்கே" என்று பொருள். வந்த புதிதில் அதைத் தூரம் என்று எடுத்துக்கொண்டு எத்தனையோ முறை தடுமாறியிருக்கிறேன். இத்தனை வருஷத்துக்கு அப்புறமும், கதையின் வேகத்தில், அன்றும் அப்படித்தான் காதில் விழுந்தது. "ஆமாம், ரொம்பத் தூரம்" என்றேன். எங்கே என்று கேட்டவளுக்கு என் பதில் அது. அவள் தலையை ஆட்டிக்கொண்டாள்.

மேனேஜர் என்னைக் குறை சொல்லவில்லை, கொஞ்ச நாளைக்கு வேறு கதை சொல்லுங்க என்றார். சரி என்றேன். ஆனால் வேறு கதை என்றால் எது? கெல்பி என்கிற நீர்க்குதிரையின் மேல் ஒட்டிக்கொண்ட பையன் தன் விரலையே வெட்டிக்கொண்டுதான் தப்புகிறான். அதைச் சொன்னபோது எந்தப் பெற்றோரும் வந்து கேட்கவில்லை, தண்ணீர்ப் பக்கம் தனியாகப் போகாதே என்ற புத்தி அதில் இருப்பதால். உருண்டு ஓடும் ஓட்ஸ் ரொட்டியை, அந்தக் குட்டி பேனக்கை, நரி விழுங்குகிறது, பிள்ளைகள் கைதட்டுகிறார்கள். பயம் எந்தக் கதையில் இல்லை? கடலோரக் குடிசைகளில் இந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளின் வீட்டிலும் கடலுக்குப் போனவர்கள் இருந்தார்கள், திரும்பாதவர்களும் இருந்தார்கள். கதையே அவர்களுக்காகத்தான் பிறந்ததோ என்றுகூட எனக்குத் தோன்றும்.

இப்படிச் சொல்லிச் சமாதானம் ஆகும்போதே இன்னொன்று குறுக்கே வரும். சில இடங்களில் இதே கதையில் அம்மா திரும்ப வருகிறாள். வீட்டுக்கு இல்லை, கரை வரைக்கும். பாறைமேல் பிள்ளைகளுக்கு மீன் வைத்துவிட்டுப் போகிறாள். அது எனக்குத் தெரியும். தெரிந்தே விட்டேன், போனவள் போனவள்தான் என்ற முடிவுதான் அழகு என்று. அழகு யாருக்கு? அன்று காலையில் "இல்லை" என்றதற்குப் பதில் அந்த மீனையாவது நான் சொல்லியிருக்கலாம். அந்த அம்மாவின் கண்ணைப் பார்த்துக்கொண்டு எனக்கு நினைவு வரவில்லை. அல்லது, பிள்ளையிடம் ஒன்று சொல்லிவிட்டுத் தாயிடம் வேறொன்று சொல்வதாகிவிடுமே என்று தயங்கினேனா? இரண்டில் எது என்று எனக்கே தெளிவில்லை.

அடுத்த ஹெலிகாப்டரில் அவர் போய்விட்டார். அந்த வாரம் ரொட்டிக் கதை சொன்னேன். தோள்மேல் கிடந்த சால்வையை எடுத்துப் பக்கத்தில் வைத்திருந்தேன், கதைக்காக இல்லை, அறை சூடாக இருந்தது. அவள் அதை இழுத்து, ஓரம் சேர்த்து மடித்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். கதை முடிந்து மற்றவர்கள் எழுந்த பிறகும் எழுந்திருக்கவில்லை. சாயங்காலம் அவள் அப்பா வந்தபோது சால்வையைத் தன் பைக்குள் திணிப்பதைப் பார்த்தேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் கேட்கவில்லை. அன்று வெறும் தோளோடு, அந்தக் குளிரில், பஸ்ஸுக்கு நின்றேன்.