தமிழில் தேடுபவருக்கும் அப்புத்தளை கிடைக்க வேண்டும்

என் சித்தி இலங்கை மலையகத்து ஊரான அப்புத்தளையில் சிறியதொரு தங்குமிடம் நடத்துகிறார். சமையலும் விருந்தினரைக் கவனிப்பதும் அவருடைய வேலை, இணையத்தளத்தைப் பார்த்துக்கொள்வது என்னுடைய வேலை. கூகுளில் எங்கள் பெயர் கொஞ்சம் மேலே வந்தால் போதும் என்றுதான் நானும் தொடங்கினேன். போகப் போக வேறொன்று மனதை உறுத்தியது. ஆங்கிலத்தில் தேடுகிற ஜெர்மன்காரருக்கு நாங்கள் கிடைக்கிறோம். மட்டக்களப்பில் இருந்து தமிழில் தேடுகிற குடும்பத்துக்குக் கிடைப்பதில்லை. மலையகத்துத் தமிழர் நடத்தும் கடைகளும் விடுதிகளும் தமிழ்த் தேடலில் காணாமல் போவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

காரணம் தேடினால் முதலில் எதிர்ப்படுவது பாமினி எழுத்துரு. இலங்கையில் அச்சகத்துக்குப் போய்வந்த எல்லோருக்கும் அது பழக்கமானது. திருமண அழைப்பிதழ், கோயில் திருவிழா அறிவித்தல், கடைத் துண்டுப்பிரசுரம் எல்லாம் அதில்தான் தட்டச்சாகி வந்தன. பாமினியில் நம் கண்ணுக்குத் தெரிவது தமிழ் என்றாலும் கோப்புக்குள் இருப்பவை ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும்தான். ‘அம்மா’ என்று நாம் படிக்கும் இடத்தில் கூகுளுக்குப் பொருளில்லாத ஓர் ஆங்கில எழுத்துக்கோவைதான் கிடைக்கும். எல்லா மொழி எழுத்துகளுக்கும் கணினியில் பொதுவான குறியீடு தரும் யூனிகோடில் தமிழ் 1991ஆம் ஆண்டிலேயே இடம்பெற்றுவிட்டது. இருந்தும் அச்சகக் கோப்பிலிருந்து வாசகத்தை எடுத்துத் தளத்தில் ஒட்டுவது, அல்லது துண்டுப்பிரசுரத்தையே படமாக ஏற்றிவிடுவது இன்னும் நடக்கிறது.

உங்கள் தளத்தில் உள்ள ஒரு தமிழ் வரியைப் பிரதி எடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள். தமிழாகவே விழுந்தால் நல்லது. ஆங்கில எழுத்துகளாக விழுந்தால் அது பாமினி. பிரதி எடுக்கவே முடியாவிட்டால் பெரும்பாலும் அது படம். பாமினியை யூனிகோடாக மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே இருக்கின்றன. ஒரு பிற்பகலில் முடியும் வேலை.

பண்டாரவளையில் கேக் செய்து விற்கும் தோழிக்கு வேறு சிக்கல். தளம் அழகாக இருந்தது, தமிழும் யூனிகோடில் இருந்தது, ஆனால் கூகுளில் ஒரு பக்கம்கூட இல்லை. தேடல் பெட்டியில் ஆங்கிலத்தில் ‘சைட்’ என்று எழுதி, முக்காற்புள்ளி இட்டு, இடைவெளி விடாமல் தள முகவரியைக் கொடுத்தால் கூகுளின் அட்டவணையில், அதாவது அது தேடலுக்காகப் பதிந்து வைத்திருக்கும் பட்டியலில், இருக்கும் பக்கங்கள் வரும். அவளுடைய தளத்துக்கு எதுவுமே வரவில்லை. அவள் தளம் கட்டப்பட்ட வேர்ட்பிரஸ் மென்பொருளின் அமைப்புகளில் தேடுபொறிகளை வர வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளும் ஒரு கட்டம் உண்டு. தளம் கட்டப்படும் காலத்தில் அதில் சரிக்குறி இடுவது வழக்கம். செய்து கொடுத்தவர் வேலை முடிந்த பின்னும் அதை எடுக்கவில்லை. பணம் வாங்கிக்கொண்டு செய்யும் வேலையில் இவ்வளவு கவனக்குறைவு கூடாது. குறியை நீக்கி, தள உரிமையாளருக்காகக் கூகுள் தரும் சேர்ச் கன்சோல் என்ற கருவியில் தளத்தைப் பதிந்து, முகப்புப் பக்கத்தை அட்டவணைப்படுத்தும்படி கேட்டோம். சேர்ச் கன்சோல் இலவசம். எந்தச் சொற்களைத் தேடியவர்களுக்கு உங்கள் பக்கம் காட்டப்பட்டது, எத்தனை பேர் சொடுக்கினார்கள் என்பதை அதில் பார்க்கலாம்.

அடுத்தது எழுத்து. என் பார்வையில் மற்ற எல்லாவற்றையும்விட இதுவே பெரிது. “ஒரே பதிலை நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், பிள்ளை” என்று சித்தி அலுத்துக்கொள்வார். அந்தக் கேள்விகளை ஒரு கொப்பியில் எழுதி வைக்கச் சொன்னேன். குளிக்கச் சுடுதண்ணீர் இருக்கிறதா? மரக்கறிச் சாப்பாடு தனிப் பாத்திரத்தில் சமைப்பீர்களா? வான் நிறுத்த இடம் உண்டா? அம்மம்மாவுக்கு முழங்கால் வலி, எத்தனை படி ஏற வேண்டும்? லிப்டன் சீட்டுக்கு எத்தனை மணிக்குப் புறப்பட வேண்டும்? யாழ்ப்பாணத்தில் இருந்தும் வவுனியாவில் இருந்தும் அழைப்பவர்கள் இவற்றைத்தான் கேட்கிறார்கள். இதே கேள்விகளைத்தான் அவர்கள் கூகுளிடமும் கேட்டிருப்பார்கள். அங்கே தமிழில் பதில் இல்லாததால்தான் தொலைபேசியை எடுக்கிறார்கள்.

ஆகவே ஒவ்வொரு கேள்வியையும் அவர்கள் கேட்ட சொற்களிலேயே தலைப்பாக வைத்து, கீழே உண்மையான பதிலை எழுதினோம். லிப்டன் சீட் என்ற மலைக் காட்சிமுனைக்கு விடியலிலேயே போக வேண்டும், வெயில் ஏறியதும் பள்ளத்தாக்கில் இருந்து முகில் எழுந்து காட்சியை மூடிவிடும். தம்பேதன்ன தேயிலைத் தொழிற்சாலை வரை பஸ் போகிறது. 1890இல் தேயிலை வணிகர் லிப்டன் கட்டிய அந்தத் தொழிற்சாலையில் இருந்து மேலே ஏறத்தாழ 7 கிலோமீற்றர் ஏற்றம். நடக்க முடியாதவர்கள் முச்சக்கரவண்டியில் போகலாம். போகும் வழியில் கொழுந்து பறிப்பவர்களைக் கேட்காமல் படம் எடுக்க வேண்டாம் என்றும் எழுதினேன். அது தேடலுக்காக எழுதியது அல்ல, எழுதியே ஆக வேண்டியது. வெளியில் இருந்து இயந்திர மொழிபெயர்ப்பில் வரும் பயணக் கட்டுரைகளில் இந்த அளவு விவரம் இருக்காது. நேரில் அறிந்து எழுதுவதைக் கூகுளும் மதிக்கிறது. பக்கங்களின் தரத்தை மதிப்பிடுவோருக்கான அதன் வழிகாட்டியில் 2022 டிசம்பரில் ‘அனுபவம்’ என்பதையும் ஓர் அளவுகோலாகச் சேர்த்தார்கள்.

தமிழ்ப் பக்கத்துக்குத் தனி முகவரி கொடுங்கள். ஆங்கிலப் பக்கத்தின் அடியில் இரண்டு தமிழ் வரி போட்டால் போதாது. பக்கத் தலைப்பில் ஊரும் தொழிலும் சேர்ந்து வரட்டும். அப்புத்தளை என்றும் ஹப்புத்தளை என்றும் இரு விதமாகவும் தேடுகிறார்கள், இரண்டும் வாக்கியங்களுக்குள் இயல்பாக வந்தால் நல்லது. ஊர்ப் பெயர்களைக் கீழே வரிசையாகக் கொட்டி வைப்பதைக் கூகுள் மோசடியாகவே பார்க்கும்.

வரைபடத்தில் இடம்பெறுவது இன்னொரு பாடு. மலையகத்தில் அதற்கு ஒரு கசப்பான வரலாறு இருக்கிறது. தோட்ட லயங்களில், அதாவது தொழிலாளருக்கான வரிசை வீடுகளில், வாழும் பலருக்குத் தங்கள் பெயருக்கென்று தனி வீட்டு முகவரி கிடையாது. கடிதங்கள் தோட்ட அலுவலகம் வழியாகத்தான் வரும், சில வேளை வந்து சேராமலே போகும். கூகுள் வணிகப் பக்கத்தை உறுதிப்படுத்த அஞ்சலட்டையில் இரகசிய எண் அனுப்பிய முறை, லயத்தில் தையல் இயந்திரம் வைத்துப் பிழைக்கும் பெண்ணுக்கு எப்படிப் பயன்பட்டிருக்கும்? இப்போது காணொளி மூலம் உறுதிப்படுத்தும் வழி பலருக்கும் கிடைக்கிறது. சுற்றுப்புறம், தொழிற்கருவிகள், தொழில் உங்களுடையதுதான் என்பதற்கான அடையாளம் ஆகியவற்றைக் கைப்பேசியில் படம்பிடித்துக் காட்டலாம். வாடிக்கையாளரிடம் நேரில் போய்ச் சேவை செய்பவர்கள் முகவரியை மறைத்து, சேவை செய்யும் பகுதிகளை மட்டும் குறிப்பிடலாம். வீதிப் பெயரே இல்லாத இடத்துக்கும் கூகுள் வரைபடத்தில் ‘பிளஸ் கோட்’ என்ற குறியீடு உண்டு. வரைபடத்தில் விரலை அழுத்திப் பிடித்தால் அந்த இடத்தின் குறியீடு தெரியும், அதை வாடிக்கையாளருக்கு அனுப்பலாம். முகவரி மறுக்கப்பட்ட மனிதர்களுக்கு இது முழு நீதி ஆகாது. ஆனாலும் பிழைப்புக்கு உதவும்.

முதலிடத்துக்கு உத்தரவாதம் தருகிறோம் என்று அழைப்பவர்களுக்குக் காசு கொடுக்காதீர்கள். அப்படி யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே சொல்கிறது. பக்கத்தின் நிரலுக்குள் மறைவாக வைக்கும் குறிச்சொல் பட்டியலை எழுதித் தருவதாகச் சொல்பவர்களையும் நம்ப வேண்டாம், தரவரிசைக்கு அந்தப் பட்டியலைப் பார்ப்பதில்லை என்று 2009இலேயே அறிவித்துவிட்டார்கள். விலைக்கழிவு கொடுத்து நல்ல மதிப்புரை வாங்குவதும் விதிமீறல். புறப்படும் விருந்தினரிடம் நேராகக் கேளுங்கள், தமிழிலேயே எழுதும்படி கேளுங்கள்.

கைப்பேசியில் எடுத்த படங்களை அப்படியே ஏற்றாமல் சுருக்கி ஏற்றுங்கள். மலைச் சரிவில் ஒரு கோடு சமிக்ஞையோடு பக்கம் திறக்கக் காத்திருப்பவர் பொறுமையிழந்து போய்விடுவார். பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவு.

இப்போது எழுதிக்கொண்டிருப்பது மழைக்காலப் பக்கம். மண்சரிவால் ரயில் பாதையோ பண்டாரவளை வீதியோ மூடப்பட்டால் எந்த வழியாக வரலாம், பயணத்தைத் தள்ளிப் போட்டால் முற்பணம் திரும்பக் கிடைக்குமா என்பதெல்லாம் அதில் இருக்கும். முற்பணம் பற்றிய வரியைச் சித்தியே சொல்லித் தந்தார்: வர முடியாமல் போனால் முழுப் பணமும் திரும்பத் தரப்படும்.