அழைப்பு வந்தால் முதலில் என்ன செய்வது?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்து ஜெபக்கூட்டங்களில் "தேவன் என்னை ஊழியத்துக்கு அழைக்கிறார்" என்று சாட்சி சொல்லும் தம்பி தங்கைகளே, 1 சாமுவேல் 3-ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசியுங்கள். இரவில் தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் சத்தம் கேட்டபோது, சிறுவன் சாமுவேல் மூன்று முறையும் ஆசாரியன் ஏலியிடம்தான் ஓடினான். அது கர்த்தருடைய சத்தம் என்று கண்டுகொண்டவர் கண் மங்கிப்போன அந்தப் பெரியவர். ஆகவே மனதில் பட்டதை முதலில் உங்கள் போதகரிடம் சொல்லுங்கள். விடிந்ததும் சாமுவேல் என்ன செய்தான்? ஆலயக் கதவுகளைத் திறந்தான்! எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. பிறகு, பயம் இருந்தும், கேட்டதில் ஒன்றையும் மறைக்காமல் ஏலியிடம் சொன்னான்.

பலர் தடுக்கி விழுவது பணத்தில். வேலையை விட்டுவிட்டு, வட்டிக்கு வாங்கிக் கொட்டகை போடுகிறார்கள். ஜெபிக்க உட்கார்ந்தாலும் தவணைத் தேதிதான் நினைவுக்கு வரும். கோபுரம் கட்டுமுன் செலவைக் கணக்குப் பார்க்கச் சொன்னவர் இயேசுவே (லூக்கா 14:28). பவுல் கொரிந்துவில் கூடாரம் பண்ணிப் பிழைத்துக்கொண்டே ஓய்வுநாள்தோறும் ஜெபஆலயத்தில் பேசினார்.

கடனை அடையுங்கள். வீட்டில் கலந்து பேசுங்கள். ஒரு வருஷம் ஞாயிறுபள்ளி வகுப்பு எடுங்கள், ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பாருங்கள். ஆத்தங்குடிக் கல்லையே தண்ணீரில் ஊறப்போட்டுத்தானே தரையில் பதிக்கிறோம்? ஆனால் போதகரும் சபையும் ஆமென் சொன்ன பிறகும் சாக்குச் சொல்லாதீர்கள். தேவன் அனுப்பிய இடத்துக்குப் போகாமல் தப்பியோடிய யோனாவும் தர்ஷீசுக்குக் கூலி கொடுத்துத்தான் கப்பல் ஏறினான்.