நாலாவது லேப்

ஜனவரி 6, 2025

புது சீசனின் முதல் காலை. 50 மீட்டர் நீந்திச் சுவரைத் தொட்டதும் கோச் சார் நேரத்தைக் கேட்கவில்லை. "எத்தனை ஸ்ட்ரோக்மா?" என்றார். 19. நல்ல நாட்களில் எனக்கு 16 போதும். சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது. அவர் நோட்டில் எழுதிக்கொண்டு அடுத்த செட்டைச் சொன்னார்.

எனக்கு 26 வயது. 11 வயதில் தவளை நீச்சல் என்று விளையாட்டாகத் தொடங்கியது, 15 வருடமாக பிரெஸ்ட் ஸ்ட்ரோக்தான். நான்கு வகை நீச்சலில் இதுதான் மெதுவானது. கையை முன்னால் கொண்டுபோகும்போதும் காலை மடக்கும்போதும் தண்ணீர் நம்மைப் பிடித்துக்கொள்கிறது. ஒவ்வொரு ஸ்ட்ரோக்கிலும் வேகம் விழுந்து, திரும்பக் கிளம்ப வேண்டும். உதைத்து முடித்ததும் உடம்பு ஒரு கோடாக நீண்டு சும்மா வழுக்கிப் போகும் அந்த ஒரு கணம், கிளைடு, அதற்காகத்தான் இதை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன். என் போட்டி 200 மீட்டர், 50 மீட்டர் குளத்தில் நாலு லேப். கிளைடை நம்பி நீந்துகிறவருக்குத்தான் நாலாவது லேப்பில் காலில் கொஞ்சம் பலம் மிஞ்சும்.

என் சிறந்த நேரம் 2:27.84. நாலு வருடமாக அது நகரவில்லை.

ஜனவரி 19

வலது முழங்காலின் உள்பக்கம் வலி. பிசியோ மேடம் படுக்க வைத்து, காலை லேசாக வெளிப்பக்கம் தள்ளினார். "இங்கேயா?" அங்கேதான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

எங்கள் உதையே அப்படி. முழங்காலை மடக்கி, பாதத்தை வெளியே திருப்பி, சாட்டை சுழற்றுவதுபோல வட்டமாக வீசிக் காலைச் சேர்க்கிறோம். முழங்கால் முன்பின்னாக மடங்குவதற்கு அமைந்த மூட்டு. ஒவ்வொரு உதையிலும் அதைப் பக்கவாட்டில் இழுக்கிறோம், எலும்புகளைப் பிணைக்கும் உள்பக்க லிகமென்ட் அந்த இழுப்பைத் தாங்குகிறது. வருடக்கணக்கில், ஆயிரக்கணக்கான உதைகள். இந்த வலிக்கு எங்கள் ஸ்ட்ரோக்கின் பெயரையே வைத்துத்தான் டாக்டர்கள் சொல்கிறார்கள்.

மற்ற ஸ்ட்ரோக்குகளில் கைதான் பெரும்பாலும் இழுத்துக்கொண்டு போகும். எங்களுக்குக் கால். இரண்டு வாரம் உதை கூடாது என்று மேடம் சொல்லிவிட்டார். தொடைக்கு நடுவே புல்பாய் என்ற மிதவையை வைத்துக் கைவேலை மட்டும்.

பிப்ரவரி 2

ஓய்வு நாள். பழைய சான்றிதழ்களை அடுக்கும்போது 13 வயதில் டிஸ்குவாலிஃபை ஆனது ஞாபகம் வந்தது. முதலாவதாக வந்தேன். நிமிர்ந்து பார்த்தால் என் லேனுக்குப் பின்னால் நடுவர் கையைத் தூக்கியிருந்தார். சுவரைத் தொட்டுத் திரும்பும் டர்னில் வலது கை முதலில் பட்டு, இடது கை பின்னால் வந்திருக்கிறது. இரண்டு கையும் ஒரே சமயத்தில் பட வேண்டும். அன்றைக்கு உடை மாற்றும் அறையில் அழுதேன், அவர் மேல் அவ்வளவு கோபம். இன்றைக்கு யோசித்தால் அவர் பார்த்தது சரி.

விதிகளோடு மல்லுக்கட்டியே வளர்ந்த ஸ்ட்ரோக் இது. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் ஜப்பானின் மசாரு ஃபுருகாவா 200 மீட்டரில் பெரும்பகுதியைத் தண்ணீருக்கு அடியிலேயே நீந்தித் தங்கம் வென்றார். மேற்பரப்பில் அலை எதிர்க்கும், அடியில் அந்தத் தொல்லை இல்லை. அதற்குப் பிறகு, குதித்ததும் திரும்பியதும் ஒரே ஒரு இழுப்புதான் அடியில் என்று கட்டுப்பாடு வந்தது. 2004 ஏதென்ஸில் ஜப்பானின் கொசுகே கிதாஜிமா 100 மீட்டர் வென்றபோது, அப்போது கூடாத டால்பின் கிக் (இரண்டு காலையும் சேர்த்து டால்பின் வால்போல அடிப்பது) போட்டார் என்று பெரிய சர்ச்சை. தங்கம் அவரிடமே இருந்தது. மறுவருடம் ஒரு டால்பின் கிக் போடலாம் என்று விதியையே மாற்றினார்கள். நல்ல மாற்றம் என்பேன். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நடப்பதை நடுவர் தலையில் கட்டுவதைவிட, எல்லோருக்கும் ஒன்று என்று கொடுத்துவிடுவது நேர்மை.

பிப்ரவரி 20

உதை திரும்பக் கிடைத்தது. முட்டியை இடுப்பு அகலத்துக்கு மேல் விரிக்கக் கூடாது என்பது நிபந்தனை. 20 ஸ்ட்ரோக். பரவாயில்லை, வலி இல்லை.

மார்ச் 15

இன்று முழுக்கப் புல்அவுட், அதாவது குதித்ததும் திரும்பியதும் தண்ணீருக்கு அடியில் போடும் அந்த ஒரு இழுப்பு. சுவரை உதைத்துவிட்டு அம்பாக நீள்கிறேன். காதில் எந்தச் சத்தமும் இல்லை. வேகம் குறையத் தொடங்கும் முன் ஒரு டால்பின் கிக். அப்புறம் இரண்டு கையையும் தொடை வரை இழுத்து அப்படியே விட்டுவிடுகிறேன். இங்கேதான் பொறுமை வேண்டும். தோளை ஒடுக்கி, மோவாயை இறக்கி, தரையில் ஓடும் கறுப்புக் கோட்டைப் பார்த்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். பிறகு கையை வயிற்றை ஒட்டியே முன்னால் நழுவவிட்டு, உதைத்து, அடுத்த இழுப்பில் கை அகலமாக விரிந்து உள்ளே திரும்பும் முன் தலை வெளியே வந்தாக வேண்டும்.

200 மீட்டரில் இப்படி நாலு தடவை. முதல் மூன்றும் எனக்குச் சரியாக வருகின்றன. நாலாவதில் நெஞ்சு மூச்சுக்குத் துடிக்கிறது, பயந்து சீக்கிரம் மேலே வந்துவிடுகிறேன். கோச் சார் வீடியோவை நிறுத்திக் காட்டினார். மூன்றாவது டர்ன்தான் நாலாவது லேப்பின் தொடக்கம். அங்கே நான் வெளியே வந்த இடம், முதல் டர்னோடு ஒப்பிட்டால் முழுசாக ஒரு மீட்டர் குறைவு. ஒரு மீட்டர் என்றால் என் கணக்கில் முக்கால் விநாடி.

ஏப்ரல் 10

லாஸ் ஏஞ்சலஸ் 2028 ஒலிம்பிக்கில் 50 மீட்டர் பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கும் உண்டு என்று செய்தி. லேனில் ஒரே கொண்டாட்டம். "அக்கா, நீங்களும் 50க்கு மாறிடுங்க, முட்டிக்கும் நல்லது" என்றாள் என்னோடு பயிற்சி எடுக்கும் சின்னவள். அவளுக்கு 17 வயது. மனசார மகிழ்ந்தேன், ஆனால் அது என் நீச்சல் இல்லை. 50 மீட்டரில் கிளைடுக்கு இடமே கிடையாது.

இரவு 2024 பாரிஸ் ஒலிம்பிக்கின் 100 மீட்டர் இறுதியைத் திரும்பப் பார்த்தேன். பிரிட்டனின் ஆடம் பீட்டி 2016 ரியோவில் 57.13இல் தங்கம் வென்றவர், 2019இல் 56.88 என்று உலக சாதனை வைத்தவர். நடுவில் பாதம் உடைந்தது, மனம் சோர்ந்து போட்டியை விட்டு ஒதுங்கினார். பாரிஸில் இத்தாலியின் நிக்கோலோ மார்டினெங்கி 59.03, பீட்டியும் அமெரிக்காவின் நிக் ஃபிங்கும் 59.05. 0.02 விநாடியில், 100 மீட்டரில் தொடர்ந்து மூன்றாவது ஒலிம்பிக் தங்கம் போயிற்று. தன் பழைய நேரத்துக்கு இரண்டு விநாடிக்கு மேல் பின்னால் முடித்தும் அந்த மனிதர் கண்கலங்க நின்றதைப் பார்த்தபோது என் 2:27.84 மேல் இருந்த கோபம் கொஞ்சம் அடங்கியது.

லித்துவேனியாவின் ரூட்டா மெய்லுடைட்டையையும் நினைத்துக்கொண்டேன். 2012இல் 15 வயதில் ஒலிம்பிக் தங்கம், 2019இல் ஓய்வு, திரும்பி வந்து 2023இல் 50 மீட்டரில் 29.16 உலக சாதனை.

மே 12

டேப்பர், போட்டிக்கு முன் பயிற்சியைக் குறைக்கும் நாட்கள். தூரம் பாதியாகிவிட்டது. காலில் முடியை மழித்துவிட்டுக் குதித்தால் தண்ணீர் புதிதாகத் தொடுகிறது, தோல் முழுக்கக் காது முளைத்த மாதிரி. 17 ஸ்ட்ரோக்.

மே 18

200 மீட்டர் இறுதி. 2:29.61, ஐந்தாம் இடம். லேப் நேரம் 33.92, 37.58, 38.70, 39.41. ஸ்ட்ரோக் 16, 18, 19, 21.

மூன்றாவது டர்னில் காத்திருந்தேன். நெஞ்சு துடித்தும் கறுப்புக் கோட்டைப் பார்த்தபடி காத்திருந்தேன், சரியான இடத்தில் வெளியே வந்தேன். கடைசி 25 மீட்டரில் முழங்கால் பிடித்துக்கொண்டது. உதை போகவில்லை, கையை வேகமாகப் போட்டுச் சமாளித்தேன். பக்கத்து லேனில் சின்னவள் என்னைத் தாண்டிப் போனது மூச்செடுக்கும்போதெல்லாம் தெரிந்தது. அவள் மூன்றாவது. லேன் கயிற்றுக்கு மேலே எட்டி என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

மே 22

ஸ்கேன் பார்த்தாகிவிட்டது. ஆறு வாரம் உதை இல்லை, அதற்குப் பிறகும் 200 மீட்டருக்கான தூரத்தை இந்தக் கால் தாங்காது என்றார் டாக்டர். கோச் சாரிடம் சொன்னேன். "சரிம்மா" என்றார். நோட்டை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

மே 26

காலையில் குளத்துக்குப் போனேன். உடை மாற்றவில்லை. சின்னவள் 200 நீந்தினாள், நான் ஓரமாகக் கூடவே நடந்து எண்ணினேன். 17, 18, 18. நாலாவது லேப்பில் 22.

"அக்கா, எத்தனை?"

சொன்னேன். கண்ணாடியை இறக்கிக்கொண்டாள். "இன்னொரு தடவை போறேன், எண்ணுங்க."